பிறப்புக்கு முந்தைய மூச்சு

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் ஒருவர் மேடையேறினால் தேர்வு, மதிப்பெண், உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை இவற்றைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிச் சேர்க்கைக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, சரியாகச் சொன்னால் பிறப்புக்கும் முன்னரே தொடங்குகிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றும் நாட்பட்ட நுரையீரல் நோயையும், அந்நோய்க்குத் தாயின் வயிற்றிலேயே வித்திடும் காரணங்களையும் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

மருத்துவர் பேச வேண்டியதை ஆசிரியர் பேசலாமா என்று சிலர் வினவக்கூடும். மருந்து எழுதுவது மருத்துவரின் பணி. அறியத்தக்கதை அறியச் செய்வது ஆசிரியரின் பணி. மேலும், ஓட்டப் பந்தயத்தில் பாதித் தூரத்திலேயே நின்று மார்பைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையையும், ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வருகைப் பதிவேட்டில் வாரக்கணக்கில் இல்லாது போகும் பிள்ளையையும் ஆசிரியர் அனைவரும் அறிவர். அப்பிள்ளைகளுக்குச் 'சோம்பேறி' என்றும் 'சீக்காளி' என்றும் ஊர் பெயர் சூட்டிவிடுகிறது. அவர்களுள் சிலருடைய மூச்சின் கதை, அவர்கள் இவ்வுலகில் முதல் மூச்சை இழுப்பதற்கு முன்னரே எழுதப்பட்டிருக்கலாம். எழுதியது எது, அதை மாற்றி எழுத இயலுமா என்பதே நம் கேள்வி.

முதலில் நோயை அறிவோம். தாயின் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து கணக்கிட்டு 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்றும், அவற்றுள் சுமார் 30 இலட்சம் நம் இந்திய நாட்டில் பிறந்தவை என்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தாரும் பிறரும் கணித்துள்ளனர். எந்த நாட்டையும் விட இது மிகுதி.

இத்தகைய குழந்தையின் முதல் இடர் மூச்சுத் திணறல். நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். நுரையீரலின் நுண்ணறைகளும் உள்ளே ஈரமானவை. அவை ஒட்டிக்கொள்ளாதிருக்க, சோப்புப் போன்ற வழவழப்புப் பொருள் ஒன்றை உடல் சுரக்கிறது. அதற்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். குறைமாதக் குழந்தையிடம் இப்பொருள் போதிய அளவு இல்லாமையே திணறலுக்குக் காரணம் என்பதை 1959 இல் மேரி எலன் ஏவரி என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி, ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்தார். ஆயினும் மருந்து அப்போது இல்லை. 1963 ஆகஸ்டு 7 ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஆண் மகவு, 39 மணி நேரமே உயிர் வாழ்ந்து இந்நோயால் மறைந்தது. உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த தந்தையால் தம் குழந்தைக்கு ஒரு மூச்சை வாங்கித் தர இயலவில்லை. இன்று அதே மாதக் கணக்கில் அதே எடையோடு பிறக்கும் ஏழைத் தொழிலாளியின் குழந்தை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறது. அறிவியலும் பொது மருத்துவமனையும் சேர்ந்து செய்த நற்செயல் இது.

ஆனால் பிழைத்த குழந்தைகளிடம் புதியதொரு நோய் தலைகாட்டிற்று. 1967 இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் பணியாற்றிய வில்லியம் நார்த்வே என்பவரும் அவர்தம் தோழர்களும், மூச்சுக் கருவியில் வைத்து மிகுந்த பிராணவாயு கொடுத்துச் சிகிச்சை பெற்ற 32 குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களின் நுரையீரல் தழும்பேறிப் பழுதுபட்டிருப்பதை எழுதினர். அந்நோய்க்குப் புராங்கோபல்மொனரி டிஸ்பிளேசியா என்று பெயரிட்டனர். நாம் அதனை நாட்பட்ட நுரையீரல் நோய் என்போம். பிறந்து 28 நாள் கடந்த பின்னும், அல்லது கருவின் வயதுக் கணக்கில் 36 ஆவது வாரத்தை எட்டிய பின்னும், பிராணவாயுவின் துணை தேவைப்படும் குழந்தைக்கு இந்நோய் உள்ளதென மருத்துவர் கொள்வர். பெரிதும் 32 வாரத்திற்கு முன், அதிலும் 28 வாரத்திற்கு முன் பிறப்போரையே இது வருத்தும்.

உயிர் காத்த கருவியே நுரையீரலை வருத்தியது என்றுதான் அன்று எண்ணினர். பின்னர்க் கருவிகள் மென்மையாயின. 1980 இல் ஜப்பானியரான புஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தி வழிகாட்டினார். அதன் பின்னரும் நோய் முற்றிலும் மறையவில்லை. கருவியின் துணை சில நாளே பெற்ற குழந்தைகளிடமும் அது காணப்பட்டது. அவர்களின் நுரையீரலில் தழும்பு குறைவு. ஆனால் நுண்ணறைகள் எண்ணிக்கையில் குறைந்து, பெரிதாய், பிரியாமல் நின்றுவிட்டிருந்தன. அதாவது, அது காயம்பட்ட நுரையீரல் என்பதைவிட வளர்ச்சி தடைப்பட்ட நுரையீரல். தடை எப்போது நேர்ந்தது என்று தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர், தாயின் கருப்பை வரை செல்ல வேண்டியதாயிற்று.

கருப்பைக்குள் நுரையீரல் கட்டப்படும் முறையைச் சிறிது காண்போம். வீடு கட்டுவோர் முதலில் நடைபாதையையும் பிறகு அறைகளையும் அமைப்பது போல, முதல் நான்கு மாதங்களில் மூச்சுக்குழலின் கிளைகள் உருவாகின்றன. 16 முதல் 26 வாரம் வரை கிளைகளின் நுனியில் இரத்த நாளங்கள் நெருங்கி வருகின்றன. 24 வார அளவில் சர்ஃபாக்டன்ட் சிறிது சிறிதாய்ச் சுரக்கத் தொடங்கி, ஏறத்தாழ 35 ஆவது வாரத்தில் போதிய அளவை எட்டுகிறது. உண்மையான நுண்ணறைகள் பிரிவதோ எட்டாம் மாதத்தை ஒட்டித்தான். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் சில கோடி நுண்ணறைகளே உண்டு. வளர்ந்த மனிதரிடம் 30 கோடிக்கும் மேல். அவற்றை விரித்துப் பரப்பினால் நம் வகுப்பறை ஒன்றின் தரையினும் பெரிதாகும். கருவிலுள்ள குழந்தை சும்மா இருப்பதில்லை. பனிக்குட நீரை உள்ளிழுத்து வெளிவிட்டு மூச்சுப் பயிற்சி செய்கிறது. அப்பயிற்சியும் நீரின் அழுத்தமுமே நுரையீரலை விரிக்கின்றன.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பு அறிவிக்கப்படுவதற்கு முன் முத்துப்பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பர். சிப்பி இளசாயிருந்தால் பாரைத் தொடமாட்டார்கள். முதிராத சிப்பியைத் திறந்தால் முத்தும் கிடையாது, சிப்பியும் போம் என்பதை அரசினரும் அறிந்திருந்தனர், குளிப்போரும் அறிந்திருந்தனர். 1961 ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. ஆனால் அந்தப் பொறுமையின் பாடம் ஓயவில்லை. கடற்சிப்பிக்குக் காட்டிய பொறுமையை, பிள்ளை சுமக்கும் பெண்ணின் உடலுக்கு இச்சமுதாயம் காட்டியதுண்டா?

இங்கு ஒரு நம்பிக்கையையும் களைதல் வேண்டும். 'ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது' என்பர் நம் ஊர்ப் பெரியவர்கள். இது தவறு. நுரையீரலைப் பொறுத்தவரை வயிற்றில் கூடுதலாய்க் கழியும் ஒவ்வொரு வாரமும் ஆதாயமே. எட்டாம் மாதத்தில் வலி கண்ட பெண்ணை, 'இனிப் பயனில்லை' என்று வீட்டிலேயே வைத்திருப்பது பிழைக்கக்கூடிய உயிரைக் கைவிடுவதாகும்.

இனி, கருவிலேயே இந்த வளர்ச்சியைத் தடுப்பவை எவை எனக் காண்போம்.

முதலாவது தொற்று. சிறுநீர்ப் பாதையிலோ பிறப்புறுப்பிலோ பற்றிய கிருமி மேலேறிப் பனிக்குடத்தை அடைந்தால், அங்கே அழற்சி உண்டாகிறது. குழந்தை அந்த நீரையே நுரையீரலுக்குள் இழுக்கிறது. விந்தை என்னவென்றால், இந்த அழற்சி நுரையீரலைச் சில வகையில் விரைந்து முதிரச் செய்கிறது. ஆனால் நுண்ணறை பிரியும் வேலையை நிறுத்திவிடுகிறது. கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் நிறத்தில் பழமாய் இருக்கும், உள்ளே காயாய் இருக்கும் அல்லவா, அதுபோல. குறைப்பிரசவத்திற்கே இத்தொற்று பெரிய காரணம். இப்போது நம் உப்பளங்களை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும் வெள்ளைக் குவியலும்; மறைவுக்கு ஒரு மரம் இல்லை, பல இடங்களில் கழிப்பறை இல்லை. விடியற்காலையில் அளத்திற்குச் செல்லும் பெண், நண்பகல் வரை சிறுநீரை அடக்குகிறாள்; அடக்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்று அவளைத் தேடி வருகிறது. ஒரு கழிப்பறை இல்லாமை, இன்னும் பிறவாத குழந்தையின் மூச்சுவரை எட்டுகிறது என்றால் அது மிகைக்கூற்றன்று.

இரண்டாவது, கர்ப்பகால இரத்தக் கொதிப்பும் நச்சுக்கொடியின் குறைபாடும். இரத்தக் கொதிப்புற்ற தாயின் உடலில், இரத்த நாளங்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் பொருள்கள் பெருகுகின்றன. நாளம் வளராத இடத்தில் நுண்ணறையும் வளர்வதில்லை. கருவிலேயே எடை குறைந்து வளரும் குழந்தை குறைமாதத்திலும் பிறந்தால், அதே மாதத்தில் பிறந்த பிற குழந்தைகளினும் இந்நோய்க்கு மிகுதியும் இலக்காகிறது. கால் வீக்கம், தீராத தலைவலி, கண் மங்கல் ஆகியவற்றைக் 'கர்ப்பத்தில் இப்படித்தான்' என்று ஒதுக்கலாகாது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு நிமிடங்களே ஆகும். அரசு சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணமும் இல்லை.

மூன்றாவது உணவுக் குறைவும் சோகையும். 'பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும், ஆகையால் குறைத்துச் சாப்பிடு' என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே மருமகளின் மரபு என்று கருதும் வீடுகளும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைப் பெற்றுவந்து கூரையில் செருகி வைப்பதும் உண்டு. இவையெல்லாம் குழந்தையின் எடையில் தெரியும்.

நான்காவது புகையும் புகையிலையும். நிக்கோட்டின் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைந்து, அதன் மூச்சுக்குழலின் அமைப்பையே மாற்றவல்லது. பெண்கள் பீடி புகைப்பதில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டா. வெற்றிலையோடு புகையிலை போடும் தாயின் உடலிலும் அதே நிக்கோட்டின்தான் சேர்கிறது. கணவர் வீட்டுக்குள் ஊதும் பீடியின் புகையை மனைவியும் மூச்சாக இழுக்கிறாள். விறகடுப்பின் புகையும் வீதியின் நுண்தூசியும் இவற்றோடு சேர்கின்றன. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு, காற்றில் நுண்தூசி கூடுந்தோறும் குழந்தையின் பிறப்பு எடை சிறிது குறைவதைக் காட்டிற்று. துறைமுகமும் நிலக்கரியும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த ஊர் நம்முடையது. காற்றைப் பற்றிய கேள்வி இவ்வூருக்குப் புதிதன்று. தாமிர உருக்காலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்த ஊர் இது. அவ்வளவு விலை கொடுத்துக் காற்றைப் பற்றிக் கேட்ட ஊர், தன் வீட்டுக்குள் எழும் புகையைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

ஐந்தாவது வெப்பமும் கடும் உழைப்பும். மேற்சொன்ன நிறுவனத்தார் தமிழ்நாட்டில் வயல், செங்கற்சூளை, உப்பளம் முதலிய இடங்களில் வேலை செய்தோர் உள்ளிட்ட சுமார் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024 இல் முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. நம் மாவட்டத்தில் உப்பு விளைவதே வெயிலால்தான். வெயில் ஏற ஏற விளைச்சலும் ஏறும், உழைப்பும் ஏறும். அந்த வெயிலில் உப்பு வாரிச் சுமக்கும் பெண்களுள் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றின் விளைவு குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் எழுதிவைத்தனர். அவ்வாறு 1934 க்கும் 1953 க்கும் இடையில் பிறந்த 286 பேரை நடுவயதில் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் ஊதும் மூச்சை அளந்தனர். பிறந்தபோது எடை குறைந்திருந்தோரின் மூச்சின் ஆற்றல் நடுவயதிலும் குறைந்திருந்தது என 1997 இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டுஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்கள் 5,000க்கு மேற்பட்டோரைப் பற்றி டேவிட் பார்க்கர் குழுவினர் 1991 இல் கூறியதும் இதையே. செவிலியர் எழுதிய சாதாரணப் பதிவேடு ஒன்று, அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின் உலகுக்கு உண்மை உரைத்தது. பதிவேட்டின் அருமையைப் பள்ளிக்கூடத்தார் நன்கு அறிவோம்.

அன்பர்களே! இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டியதொன்று உண்டு. 'பிறப்பே வாழ்வை முடிவு செய்கிறது' என்ற சொல்லை நம் மக்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர். அச்சொல்லால் கோயிலும் குளமும் தெருவும் பள்ளியும் நமக்கு மூடப்பட்டன. இப்போது அறிவியலும் வந்து, பிறப்புக்கு முன் நடந்தவை வாழ்நாள் முழுதும் தொடரும் என்று கூறினால், பழைய சொல்லே புதிய உடை உடுத்தி வந்ததோ என்ற ஐயம் நம் இளைஞர்க்கு எழலாம். எழுவது நியாயமே.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல, நேர் எதிரானவை. சாதி, பிறப்பைக் காரணம் என்றது; அதற்கு மேல் கேள்வி கேட்பதற்கு இடம் வைக்கவில்லை. அறிவியலோ பிறப்பை ஒரு விளைவு என்கிறது. அதன் காரணங்களைத் தேடுகிறது. அக்காரணங்கள் குருதியிலோ குலத்திலோ இல்லை. கழிப்பறை இல்லாத அளத்தில் இருக்கின்றன. ஓய்வு தராத கூலியில் இருக்கின்றன. கடைசியாய் உண்ணும் தட்டில் இருக்கின்றன. புகை சூழ்ந்த அடுப்படியில் இருக்கின்றன. விதியை மாற்ற இயலாது என்பார்கள். நிலைமையை மாற்ற இயலும். நிலைமை மாறினால் பிறப்பும் மாறும். இதுவே இன்று நாம் கூற வந்தவற்றுள் தலையாயது.

இதனோடு இணைந்த இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வறிவைத் தாயின் மீது பழி சுமத்தும் கோலாக எவரும் எடுத்துவிடலாகாது. 'நீ ஒழுங்காக இருந்திருந்தால் பிள்ளை இப்படிப் பிறந்திருக்குமா?' என்ற கேள்வி, ஏற்கெனவே வருந்தும் பெண்ணைக் கொல்லும் கேள்வி. வெயிலில் நிற்பதை அவள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற தாய்மார்க்கும் குறைமாதத்தில் பிரசவம் நேர்வதுண்டு. இரட்டைக் கருவும் வேறு காரணங்களும் உண்டு. கேள்வி தாயை நோக்கியதன்று. அவளைச் சூழ்ந்துள்ள நம் அனைவரையும் நோக்கியது.

நம் வழிகாட்டி அண்ணல் அம்பேத்கர் இதனை 1928 ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கண்டார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அவர், பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்குரியது என்று வாதிட்டார். அதன் சுமையில் பெரும் பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும், ஆயினும் அவள் உழைப்பால் பயன்பெறும் முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப இயலாது என்றும் எடுத்துரைத்தார். 1929 இல் அச்சட்டம் நிறைவேறிற்று. ஏவரி அம்மையார் சர்ஃபாக்டன்டைப் பற்றி எழுதுவதற்கு 31 ஆண்டுகள் முன்பே, பேறுகாலத்திற்கு முந்தைய ஓய்வைச் சட்டமன்றத்தில் கேட்டவர் அவர். அதன் பின் 1961 இல் நாடு முழுவதற்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017 இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் தினக்கூலிக்கு அளம் செல்லும் பெண்ணின் கைக்கு அந்த 26 வாரம் வந்து சேரவில்லை. அலுவலகப் பெண்ணின் வயிற்றில் வளர்வதும் உப்பளப் பெண்ணின் வயிற்றில் வளர்வதும் ஒரே நுரையீரல்தான் என்பதைச் சட்டம் ஏட்டில் அறிந்தது, நடைமுறையில் அறியவில்லை.

இனிச் செய்யத்தக்கவை யாவை? ஒரு வரலாற்றோடு தொடங்குவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாடுகளை ஆராய்ந்து வந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற ஆட்டுக்குட்டிகள், பிழைக்க முடியாத குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிடுவதைக் கண்டு வியந்தார். ராஸ் ஹோவி என்பவருடன் சேர்ந்து, முன்கூட்டியே பிரசவிக்கும் நிலையிலிருந்த 282 தாய்மாரிடம் அம்மருந்தைச் சோதித்து 1972 இல் முடிவை வெளியிட்டார். தாய்க்கு இட்ட ஊசி, வயிற்றுக்குள்ளிருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்து, மூச்சுத் திணறலையும் மரணத்தையும் பெரிதும் குறைத்தது. விலை மிகக் குறைந்த இம்மருந்து உலகெங்கும் பரவுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2014 இல் இந்திய அரசு, 24 முதல் 34 வாரத்திற்குள் வலி காணும் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசியைச் செவிலியரே தொடங்கலாம் என வழிமுறை வகுத்தது.

ஆனால் இங்கேதான் ஒரு பாடம் உள்ளது. இந்தியாவின் பெல்காம், நாகபுரிப் பகுதிகள் உள்ளிட்ட ஆறு நாடுகளில் சிற்றூர் மட்டத்தில் இம்மருந்தைப் பரப்பிப் பார்த்த ஆய்வின் முடிவு 2015 இல் வந்தபோது, எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. மொத்தத்தில் குழந்தை இறப்பு சிறிது கூடியது. கர்ப்பத்தின் சரியான வயது தெரியாமல், தேவையற்ற பலருக்கும் ஊசி சென்றது அங்கிருந்த குறைகளுள் ஒன்று. பின்னர் 2020 இல் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், கர்ப்ப வயதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து கொடுத்தபோது, குழந்தை இறப்பு நூற்றுக்கு 23.5 இலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து ஒன்றுதான். வேறுபாடு எங்கே? ஒரு வேறுபாடு நாள்காட்டியில்!

எனவே, கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதி வைப்பது சிறு செயலன்று. எழுத்தறிவுள்ள ஒவ்வொரு பெண்ணும் அதைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைக்கலாம். எழுத்தறியாத தாய்க்கு வீட்டிலுள்ள மாணவி குறித்துக் கொடுக்கலாம். கருவுற்றதை 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தல் வேண்டும். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்படி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் அளவில் உதவி பெறுவதற்கும் இப்பதிவே வழி. அந்தப் பணம் கடன் அடைக்கவும் திருவிழாச் செலவுக்கும் உரியதன்று. அது குழந்தையின் மூச்சுக்குரிய பணம். அதைத் தொடும் ஆடவர் இதனை நினைவில் வைப்பாராக. நீர் ஒழுகினாலோ, மாதம் நிறையுமுன் வலி கண்டாலோ, 108 வண்டியை அழைத்துப் பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கே சென்று சேர வேண்டும். பிறந்த குழந்தையை வேறிடத்திற்குக் கொண்டு ஓடுவதினும், வயிற்றிலிருக்கும்போதே கொண்டு செல்வது பன்மடங்கு நலம்.

ஒன்றை மட்டும் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்றும் எண்ண வேண்டா. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த ஆய்வொன்றில் 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பு வழங்கினர். 2022 இல் வந்த முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விறகுப் புகை நல்லது என்பது இதற்குப் பொருளன்று. தாயின் கண்ணுக்கும் மார்புக்கும் அது பகையே. அடுப்பு, உணவு, ஓய்வு, கழிப்பறை, மருத்துவம் ஆகிய அனைத்தும் கூடி நின்றால்தான் பயன் விளையும் என்று கொள்வதே அறிவுடைமை.

ஏற்கெனவே குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர வேண்டா. நுண்ணறைகள் பிறந்த பின்னும் சில ஆண்டுகள் வரை பெருகி வளர்கின்றன. தாய்ப்பால், தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, தவறாத தடுப்பூசி, புகையில்லா வீடு ஆகியவை அந்த வளர்ச்சிக்கு உரம். கங்காரு முறை 1978 இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாமையால் தோன்றியது. இன்று வசதி மிக்க நாடுகளும் அதனைக் கைக்கொண்டுள்ளன. இல்லாமையில் பிறந்த அறிவு உலகுக்கே ஆசானானது! இப்பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது, 'இவன் இத்தனை வாரத்தில் பிறந்தவன்' என்று ஆசிரியரிடம் தயங்காமல் கூறுங்கள். ஓட இயலாதவனை அடிக்காமல், இயன்ற விளையாட்டில் சேர்ப்பது ஆசிரியரின் கடமை.

நிறைவாக, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, நம் குடியிருப்பின் ஒவ்வொரு தெருவுக்கும் படித்த இளம் பெண் ஒருவரும் இளைஞர் ஒருவரும் பொறுப்பேற்று, கருவுற்ற தாய்மாரின் தேதியும் பதிவும் பரிசோதனையும் தவறாதபடி துணை நிற்க வேண்டும். இரண்டு, உப்பள உரிமையாளரிடமும் அரசிடமும் கழிப்பறை, குடிநீர், நிழற்கூரை, கருவுற்ற பெண்ணுக்கு இலகுவான வேலை, இறுதி மாதங்களில் கூலியோடு ஓய்வு ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்க வேண்டும். கிடைக்கும் வரை கேட்க வேண்டும். மூன்று, அடுத்த ஆண்டு முதல் மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளிக்கும் இதே மேடையில், கருவுற்ற தாய்மாரை முன்வரிசையில் அமர்த்தி, அவர்க்கு முதலில் உணவு பரிமாற வேண்டும். கடைசியாய் உண்ணும் வழக்கம் நம் மேடையிலிருந்தே மாறட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியோர், நம் பிள்ளைகள் வகுப்பறையில் சமமாய் அமர வேண்டும் என்று கனவு கண்டனர். அக்கனவு பெரிதும் கைகூடியுள்ளது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் பிள்ளைகள் சமமாய்ப் பிறக்கவும் சமமாய் மூச்சுவிடவும் ஆவன செய்வோமாக.